சுவர் சொரசொரப்பானதா? அதைத் தண்ணீர்தான் சொல்ல வேண்டும்

ஒரு பரப்பு வழவழப்பானதா, சொரசொரப்பானதா என்று பார்க்க விரலால் தடவிப் பார்ப்போம். தச்சரும் கொத்தனாரும் செய்வது அதுதான். அவர்கள் வேலைக்கு அது போதும். ஆனால் அந்தப் பரப்பின் மேல் தண்ணீரோ காற்றோ வேகமாக ஓடப்போகிறது என்றால் விரலை நம்ப முடியாது. கைக்கு நன்றாக வழுக்குகிற எஃகுக் குழாய் ஒரு வேகத்தில் கண்ணாடிக் குழாயைப் போலவே நடந்துகொள்ளும். வேகத்தைப் பத்து மடங்கு கூட்டினால் அதே குழாய் முரடாகிவிடும். சுவர் மாறவில்லை, அதன் மேடு பள்ளங்களும் மாறவில்லை. ஓட்டம் மட்டுமே மாறியிருக்கிறது.

இது புரிபட ரொம்ப காலம் ஆனது. 18ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுப் பொறியாளர் டு புவாட், குழாய்ச் சுவர் எப்படி இருந்தாலும் தண்ணீருக்குக் கவலையில்லை என்று நினைத்தார். சுவரை ஒட்டிய தண்ணீர் குழிகளை நிரப்பி அங்கேயே நின்றுவிடும், மீதித் தண்ணீர் தண்ணீரின் மேல்தான் வழுக்கிப் போகும், அப்புறம் சுவர் இரும்பானால் என்ன, ஈயமானால் என்ன என்பது அவர் வாதம். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. குழாய்க் கணக்குப் போட்டவர்கள் அடுத்து ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு இதையே பின்பற்றினார்கள்.

அதை உடைத்தவர் ஹென்றி டார்சி. 1840இல் டிஜோன் நகரத்துக்கு 12 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஊற்றுநீர் கொண்டுவந்த பொறியாளர் அவர். பிறகு இரும்பு, ஈயம், கண்ணாடி, தார் பூசிய தகடு, புதிய வார்ப்பிரும்பு, உள்ளே படிவு ஏறிய பழைய வார்ப்பிரும்பு என்று வகைவகையான குழாய்களில் தண்ணீர் விட்டு அழுத்த இழப்பை அளந்தார். 1857இல் வெளியான அவருடைய முடிவு, படிவு ஏறிய குழாயின் தடை புதுக் குழாயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்றது. குழாய் பழசாகும் என்பதால் வடிவமைக்கும்போதே இரட்டிப்புத் தடையைக் கணக்கில் வைக்கச் சொன்னார். சுவரின் நிலை முக்கியம் என்பது இப்படி உறுதியானது. ஆனால் ஏன் முக்கியம் என்று டார்சியின் அளவுகள் சொல்லவில்லை. டு புவாட் முழுக்கத் தவறும் இல்லை. அவர் சொன்னது நடக்கிற ஒரு நிலை இருக்கிறது, அதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று தெரிய, சுவருக்கு மிகப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். சுவரைத் தொடுகிற தண்ணீர் நகர்வதில்லை, அதன் வேகம் சுழியம். கொஞ்சம் தள்ளிப் போனால் கொந்தளிப்பு: சிறிதும் பெரிதுமாகச் சுழல்கள், வேகமான நீரைச் சுவரை நோக்கியும் மெதுவான நீரை நடுவை நோக்கியும் ஓயாமல் அள்ளிப் போட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் சுவருக்கு மிக நெருக்கத்தில் சுழல்கள் புரள இடமில்லை. அங்கே தண்ணீரின் பாகுநிலைதான், அதாவது ஓட்டத்தைத் தடுக்கும் அதன் உள் உராய்வுதான், ஆட்சி செய்கிறது. அந்த மெல்லிய பகுதியை அடிப்படலம் என்று வைத்துக்கொள்வோம். அதன் தடிமன் நிலையானது அல்ல. வேகம் கூடக்கூட மெலியும், பாகுநிலை கூடினால் தடிக்கும்.

எண்களோடு பார்ப்போம். 4 அங்குலக் குழாய், விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தண்ணீர். சுவர் வழவழப்பாக இருந்தால் அடிப்படலம் சுமார் 0.1 மில்லிமீட்டர். பொறியாளர்களின் அட்டவணைகளில் பிவிசி குழாயின் சொரசொரப்பு 0.0015 மி.மீ., புதிய எஃகுக் குழாய்க்கு 0.045 மி.மீ., வார்ப்பிரும்புக்கு 0.26 மி.மீ. என்று போட்டிருக்கும். பிவிசியின் மேடுகள் இந்தப் படலத்துக்குள் எங்கோ அடியில் புதைந்துவிடுகின்றன. எஃகின் மேடுகளும் பாதி உயரத்துக்குள் அடங்கிவிடும். வெளியே புரளும் கொந்தளிப்புக்கு இவை இருப்பதே ஏறக்குறைய தெரியாது. டு புவாட் கண்ட உலகம் இதுதான். வார்ப்பிரும்பு மட்டும் தலையை வெளியே நீட்டுகிறது.

இப்போது வேகத்தை விநாடிக்கு 10 மீட்டர் ஆக்குங்கள். வீட்டுக் குழாயில் இந்த வேகம் வராது, கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அடிப்படலம் 0.013 மி.மீ. அளவுக்கு மெலிந்துவிடுகிறது. எஃகின் 0.045 மி.மீ. மேடுகள் அதைக் கிழித்துக்கொண்டு கொந்தளிப்புக்குள் நிற்கின்றன. பிவிசி இன்னமும் மறைந்தே இருக்கிறது. ஆக, எஃகுக் குழாய் சொரசொரப்பானதா என்று கேட்டால், எந்த வேகத்தில் என்று திருப்பிக் கேட்பதுதான் சரி.

இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் அளந்து காட்டியவர் ஜோஹான் நிக்குராட்சே. ஜார்ஜியாவில் பிறந்து ஜெர்மனியின் கொட்டிங்கனில் லுட்விக் பிராண்டலிடம் வேலை பார்த்தவர். 1933இல் வெளியான அவருடைய ஆய்வை மேற்கோள் காட்டாத நீரியல் பாடநூலைப் பார்ப்பது அரிது. ஆனால் அவர் அதை எப்படிச் செய்தார் என்பதைப் பெரும்பாலான பாடநூல்கள் ஒரே வரியில், மணல் ஒட்டினார் என்று முடித்துவிடுகின்றன. அந்த வேலையில்தான் சுவாரசியமே இருக்கிறது.

முதலில் மணலைச் சலித்தார். 0.8 மி.மீ. மணல் வேண்டுமென்றால் 0.82 மி.மீ. கண் உள்ள சல்லடையில் விழுந்து, 0.78 மி.மீ. கண் உள்ள சல்லடையில் தங்குவதை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிலிருந்து நூற்றுக்கணக்கான மணிகளை எடுத்து, ஒவ்வொன்றின் தடிமனையும் கருவியால் அளந்து சராசரி பார்த்தார். குழாயை நிறுத்தி, நீர்க்க வைத்த ஜப்பானிய அரக்கை அதில் நிரப்பி வடித்தார். அரை மணி நேரம் காத்திருந்தால் அரக்கு ஒட்டும் பதத்துக்கு வரும். அப்போது மணலைக் குழாய் நிறைய நிரப்பி, அடிவழியாக வெளியே விட்டார். சுவரில் ஒரே ஒரு வரிசை மணல் ஒட்டி நின்றது. அது காய இரண்டு மூன்று வாரம். காய்ந்ததும் தண்ணீர் வேகத்தில் மணல் பெயர்ந்து வராமலிருக்க மறுபடி ஒருமுறை அரக்கை நிரப்பி வடித்து, இன்னும் சில வாரம் காயவிட்டார். 2.5, 5, 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்களில் வெவ்வேறு மணலை ஒட்டி, குழாயின் ஆரத்தில் 15இல் ஒரு பங்கு உயரமுள்ள மணலிலிருந்து 507இல் ஒரு பங்கு வரை ஆறு படிநிலைகளை உண்டாக்கினார்.

வேகம் கூடக்கூட உராய்வுக் குணகம் (அழுத்த இழப்பை வேகத்தின் வர்க்கத்தோடு ஒப்பிடும் எண்) எப்படி மாறுகிறது என்று வரைபடத்தில் போட்டபோது கதை தெளிவானது. தண்ணீர் அடுக்கடுக்காக அமைதியாக ஓடும் மெதுவான வேகங்களில் ஆறு குழாய்களும் ஒரே கோட்டில் விழுந்தன. மணல் இருந்ததாகவே தெரியவில்லை. கொந்தளிப்பு தொடங்கியதும், பொடி மணல் ஒட்டிய குழாய்கள் வழவழப்பான குழாயின் கோட்டிலேயே கொஞ்ச தூரம் போயின. பிறகு ஒவ்வொன்றாக அந்தக் கோட்டை விட்டு விலகின. பெருமணல் முதலில் விலகியது, பொடிமணல் கடைசியில். விலகிய பின் ஒரு கட்டத்தில் ஒவ்வொரு கோடும் தரைக்கு இணையாகப் படுத்துவிட்டது. அதற்கு மேல் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் உராய்வுக் குணகம் மாறவில்லை. மிகப் பெரிய மணலுக்கு அது சுமார் 0.06, மிகப் பொடி மணலுக்குச் சுமார் 0.02.

கோடு ஏன் படுக்கிறது? அடிப்படலத்துக்கு வெளியே நிற்கும் மணிக்கு நேர்வது, ஆற்றின் நடுவே நிற்கும் பாறைக்கு நேர்வதுதான். முன்பக்கம் தண்ணீர் மோதி அழுத்தம் ஏறுகிறது, பின்பக்கம் ஓட்டம் பிரிந்து சுழல் உண்டாகி அழுத்தம் இறங்குகிறது. இந்த வித்தியாசம் மணியை ஓட்டத்தின் திசையில் தள்ளுகிறது. பதிலுக்கு மணி தண்ணீரைப் பிடித்து நிறுத்துகிறது. வழவழப்பான சுவரில் இழுவை முழுவதும் பாகுநிலை வழியாகத்தான் வரும். இங்கே பெரும்பங்கு அழுத்தம் வழியாக வருகிறது, அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளரும். பாகுநிலை கணக்கிலிருந்தே கழன்றுவிடுகிறது.

நடைமுறையில் இதன் பொருள் இது. வேகத்தை இரட்டிப்பாக்கினால் அடுக்கு ஓட்டத்தில் அழுத்த இழப்பு 2 மடங்கு. வழவழப்பான குழாயின் கொந்தளிப்பில் சுமார் 3.4 மடங்கு. கோடு படுத்துவிட்ட முழுச் சொரசொரப்பு நிலையில் 4 மடங்கு. முன்பு பார்த்த அதே 4 அங்குலக் குழாயில் 1.5 மி.மீ. மணலுக்குச் சமமான துரு ஏறியிருந்தால், உராய்வுக் குணகம் 0.018இலிருந்து 0.044 ஆகும். அதே பம்பு அழுத்தத்தில் வரும் தண்ணீர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். துரு குழாயின் விட்டத்தையும் சுருக்கும். அது தனிக் கணக்கு, அதையும் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசம்.

சொரசொரப்பு சுவரோரத்தைத் தாண்டி எவ்வளவு தூரம் எட்டுகிறது என்பது அடுத்த கேள்வி. இங்கே இயற்கை நமக்குக் கொஞ்சம் கருணை காட்டியிருக்கிறது. வழவழப்பான சுவரிலிருந்து விலகிப் போகும்போது நீரின் சராசரி வேகம் மடக்கை (log) விதிப்படி, முதலில் சட்டென்றும் பிறகு மெதுமெதுவாகவும் ஏறும். சொரசொரப்பான சுவரிலும் அதே விதி, அதே சரிவு. கோடு முழுவதும் ஒரே அளவு கீழே இறங்கியிருக்கும், அவ்வளவுதான். 1954இல் கிளவுசரும் ஹாமாவும் இந்த இறக்கத்தையே சொரசொரப்பின் அளவாக எடுத்துக்கொள்ளலாம் என்று காட்டினார்கள். ஆலன் டவுன்சென்ட் இன்னொரு படி போனார்: சுவரை விட்டு விலகிய கொந்தளிப்புக்குச் சுவர் எவ்வளவு இழுக்கிறது என்பது மட்டுமே தெரியும், எதனால் இழுக்கிறது என்பது தெரியாது என்றார். மேடுகள் ஓட்டத்தின் மொத்த ஆழத்தில் 40இல் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் இது நன்றாகப் பொருந்துகிறது என்று 2004இல் ஹவியேர் ஹிமேனஸ் தொகுத்துச் சொன்னார். அடுக்குமாடிகள் நிறைந்த நகரத்துக்கு மேல் வீசும் காற்றுக்கு இந்த நிபந்தனை பல நேரம் தேறாது. அங்கே ஒவ்வொரு கட்டடமும் தனித்தனியாகத் தன் சுவட்டைக் காற்றில் விட்டுச் செல்கிறது.

சரி, நிக்குராட்சேயோடு விஷயம் முடிந்ததா என்றால், உண்மையான சிக்கல் அங்கேதான் ஆரம்பம். கடையில் கிடைக்கும் குழாய்க்குள் யாரும் சலித்த மணலை ஒட்டுவதில்லை. வார்ப்பிரும்பில் இருப்பது அச்சின் தழும்பு, பழைய குழாயில் இருப்பது கட்டி கட்டியான துரு, கான்கிரீட்டில் இருப்பது பலகையின் தடம். இவை ஒன்றுபோல இல்லை, ஒரே உயரமும் இல்லை. லண்டனில் கோல்புரூக்கும் ஒயிட்டும் 1937இல் பொடி மணலையும் அதைப் போல பத்து மடங்கு பெரிய மணலையும் கலந்து ஒட்டிப் பார்த்தார்கள். பெரிய மணிகள் அங்கங்கே சில இருந்தாலே போதும், குழாயின் நடத்தை மாறிவிட்டது. ஒரே அளவு மணல் இருந்தால் எல்லா மணிகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் படலத்தைக் கிழிக்கும். மாற்றம் சட்டென்று வரும். அளவுகள் கலந்திருந்தால் உயரமானவை முதலில் வெளியே வரும், குள்ளமானவை பிறகு. மாற்றம் மெதுவாகப் பரவும். 1939இல் கோல்புரூக் எழுதிய சமன்பாடும், அதை வைத்து பிரின்ஸ்டன் பேராசிரியர் லூயிஸ் மூடி 1944இல் வரைந்த வரைபடமும் இந்த மெதுவான மாற்றத்தின் மேல் கட்டியவை. உலகமெங்கும் குழாய் வடிவமைப்பவர்கள் இன்றும் அவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

ஆனால் அந்த வரைபடத்தில் எஃகுக்கு 0.045 மி.மீ. என்று போட்டிருக்கிறதே, அதை அளவுகோல் வைத்து எஃகின் மேல் யாரும் அளக்கவில்லை. அந்த எஃகுக் குழாயில் தண்ணீர் விட்டு, இழப்பை அளந்து, நிக்குராட்சேயின் எந்த மணல் இருந்தால் இதே இழப்பு வந்திருக்கும் என்று திரும்பக் கணக்குப் போட்டு எடுத்த எண் அது. 1936இல் ஹெர்மன் ஷ்லிக்டிங் தொடங்கிவைத்த ‘சம மணல் அளவு’ முறை இது. வசதியான ஏற்பாடுதான், ஆனால் ஒருவகைப் பின்கணக்கு. பரப்பைப் பார்த்து இழுவையைச் சொல்ல வேண்டிய எண்ணை, இழுவையைப் பார்த்துச் சொல்கிறோம். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நிக்குராட்சேயின் மணலின் மேல் இரண்டாவது முறை அரக்கு ஓடியதால், அந்த மூலப் பரப்பின் சரியான வடிவம் மணிகளின் விட்டத்தை மட்டும் வைத்துச் சொல்லக்கூடியது அல்ல. உலகம் முழுவதும் ஒப்பிடும் அளவுகோலே அரக்கு மூடிய அளவுகோல்.

மேடுகளின் உயரம் தெரிந்தால் போதாதா? போதாது. ஓட்டத்துக்குக் குறுக்கே கட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். கட்டைகளை நெருக்கி வைத்தால் இடையிலுள்ள பள்ளங்களில் சுழல் அடைபட்டுக்கொள்ள, மேலே ஓட்டம் வழுக்கிப் போய்விடும், இழுவை குறைவு. கொஞ்சம் அகற்றி, உயரத்தைப் போல ஏழெட்டு மடங்கு இடைவெளி விட்டால் இழுவை உச்சத்துக்குப் போகும். இன்னும் அகற்றினால் மறுபடி குறையும். அதாவது பாதிக் கட்டைகளைப் பிடுங்கி எறிந்தால் சுவர் இன்னும் முரடாகக்கூடும். அதேபோல, உயரங்களின் சராசரி ஒன்றாகவே இருந்தாலும், தட்டையான பரப்பில் முளைத்த மேடுகள் தட்டையான பரப்பில் தோண்டிய குழிகளைவிட மிக அதிகமாக இழுக்கும். அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் கரேன் ஃபிளாக்கும் மைக்கேல் ஷுல்ட்ஸும் 2010இல் தந்த சூத்திரத்தில் உயரத்தோடு, பரப்பில் மேடுகள் மிகுதியா குழிகள் மிகுதியா என்பதும் சேர்ந்திருக்கிறது. பல பரப்புகளுக்கு நன்றாக வருகிறது, எல்லாவற்றுக்கும் அல்ல.

இந்தக் கணக்கில் பணம் அதிகம் கரையும் இடம் கப்பல். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது ஏறக்குறைய 20 நாட் வேகத்தில் போகும் 100 மீட்டர் கப்பலின் அடிப்பகுதியில் அடிப்படலம் சுமார் 18 மைக்ரான் (0.018 மி.மீ.). தலைமுடி அதைவிட மூன்று நான்கு மடங்கு தடிமன். கால் மில்லிமீட்டர் மணல் ஒட்டினாலே அந்தப் பரப்பு முழுச் சொரசொரப்பு நிலைக்குப் போய்விடும். அப்படியானால் கப்பலடியில் ஒட்டிக்கொண்டு மில்லிமீட்டர் கணக்கில் வளரும் பார்னக்கிள் என்ற கடலுயிரியின் ஓடுகள் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இதை முதலில் முறையாக அளந்தவர் இங்கிலாந்தின் வில்லியம் ஃப்ரூட். 1870களின் தொடக்கத்தில் டார்க்கியில் தம் வீட்டுக்குப் பக்கத்திலேயே நீண்ட தண்ணீர்த் தொட்டி கட்டி, மெல்லிய பலகைகளை நெட்டாக நிறுத்தி இழுத்தார். சிலவற்றுக்கு வார்னிஷ், சிலவற்றுக்குக் காடாத் துணி, சிலவற்றுக்கு மூன்று வகை மணல். 50 அடிப் பலகையில், வார்னிஷைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இழுவையைக் காடாத் துணி கொடுத்தது. பொடி மணலைவிடக்கூட அதிகம். துணியையும் மணலையும் விரலால் தடவிப் பார்த்து, எது முரடு என்று கேட்டால் யாரும் துணியைக் காட்ட மாட்டார்கள்.

கப்பலடியில் படியும் வழவழப்பான பாசிப் படலத்தின் கதையும் இதேதான். கைக்கு வழுக்கும், ஆனால் ஓட்டத்தில் அதிர்ந்து அலைந்து ஆற்றலை உறிஞ்சும். ஒரு போர்க்கப்பலுக்கு ஷுல்ட்ஸ் 2007இல் போட்ட கணக்குப்படி, ஓடுள்ள உயிரிகள் அடர்த்தியாக ஒட்டிவிட்டால் வழக்கமான பயண வேகத்துக்குத் தேவைப்படும் எஞ்சின் திறன் 86 சதவீதம் வரை கூடும். கப்பல்காரர்கள் நச்சுச் சாயத்தை அவ்வளவு எளிதில் விடாததற்குக் காரணம் இதுதான். வெள்ளீயம் கலந்த டிபிடி சாயம் எதையும் ஒட்டவிடாது, ஆனால் கடலில் சிப்பிகளையும் நத்தைகளையும் கெடுத்தது. அதைத் தடுக்கும் உடன்படிக்கை 2001இல் கையெழுத்தாகி 2008இல் நடைமுறைக்கு வந்தது. இப்போது செம்பு கலந்த சாயங்களும், ஒட்டினாலும் பிடிமானம் கிடைக்காத சிலிக்கோன் பூச்சுகளும் அந்த இடத்தில் இருக்கின்றன.

எல்லாச் சொரசொரப்பும் எதிரி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோல்ஃப் பந்தின் குழிகள் பிரபலம்: அவை காற்றைச் சீக்கிரமே கொந்தளிக்க வைத்து, பந்தின் பின்பக்கம் ஓட்டம் பிரிவதைத் தள்ளிப்போடுகின்றன. ஆனால் அது வேறு கதை; அங்கே குறைவது பந்துக்குப் பின்னால் விழும் சுவடு, பரப்பின் உராய்வு அல்ல. உராய்வையே குறைக்கும் சொரசொரப்பு ஒன்றுதான் நன்றாக நிரூபணமானது. சுறாத் தோலில் இருப்பது போல, ஓட்டத்தின் திசையிலேயே ஓடும் மிக நுண்ணிய வரிப்பள்ளங்கள். நாசாவின் லாங்லி மையத்தில் மைக்கேல் வால்ஷ் இவற்றை முறையாகச் சோதித்தார். 1987 அமெரிக்கா கோப்பையை வென்ற ‘ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ்’ படகின் அடியில் இந்த வரிப்படலம் ஒட்டியிருந்தது. வரிகள் சுவரோரச் சுழல்களின் பக்கவாட்டு அசைவைத் தடுத்து, அவற்றைக் கொஞ்சம் மேலேயே நிறுத்திவைக்கின்றன. இடைவெளி அடிப்படலத்தைப் போல சுமார் மூன்று மடங்கு இருக்கும்போது பலன் அதிகம். நல்ல நிலையில் உராய்வு 8 சதவீதம் அளவுக்குக் குறையும். இடைவெளி இன்னும் பெரிதானால் சுழல்கள் வரிகளுக்குள்ளேயே இறங்கிவிடும், லாபம் நஷ்டமாகிவிடும். ஆகவே இங்கேயும் சரியான வரி எது என்பது வேகத்தைப் பொறுத்தது. லுஃப்தான்சா தன் விமானங்களில் ஒட்டும் படலத்தின் வரிகள் சுமார் 50 மைக்ரான் அளவு. எரிபொருளில் 1 சதவீதம் அளவுக்கு மிச்சமாகிறது என்கிறார்கள். உராய்வில் 8, எரிபொருளில் 1: நடுவில் காணாமல் போனதற்குக் காரணம், விமானத்தின் இழுவையில் உராய்வு ஒரு பகுதிதான், அதன் பரப்பு முழுவதிலும் படலத்தை ஒட்டவும் முடியாது.

கணினி இதையெல்லாம் தீர்த்துவிடாதா? வழவழப்பான சுவரின் கொந்தளிப்பை, எந்த மாதிரியும் வைக்காமல் சமன்பாட்டிலிருந்தே நேராகக் கணக்கிட்டுக் காட்டியது 1987இல் கிம், மொயின், மோசர் மூவரும். இப்போது ஒரு துருத் துண்டை லேசரால் வருடி, அதன் ஒவ்வொரு மேட்டின் மேலும் ஓட்டத்தைக் கணக்கிட முடிகிறது. ஆனால் ஒவ்வொரு மேட்டையும், அதைச் சுற்றிய அடிப்படலத்தையும் தெளிவாகப் பிடிக்கும் அளவுக்குக் கணக்கு வலை நுண்ணியதாக இருக்க வேண்டும். கப்பலின் நீளத்துக்கு அந்த வலையை விரிக்க இன்றைய கணினிகளுக்குக் கட்டாது. எனவே சின்னத் துண்டைக் கணினியிலோ நீர்ச்சுரங்கத்திலோ சோதித்து, அதற்குச் சமமான நிக்குராட்சே மணல் எவ்வளவு என்று கண்டுபிடித்து, அந்த ஒற்றை எண்ணை மடக்கை விதியில் போட்டு முழுக் கப்பலுக்கும் விரிக்கிறார்கள். புதிய சாயம் ஒன்று சந்தைக்கு வரும்போதும் இதே வழிதான். அதைப் பூசிய தகட்டை ஓட்டத்தில் வைத்து இழுவையை அளக்காமல், நுண்ணோக்கிப் படத்தை மட்டும் வைத்து யாரும் உறுதி கொடுப்பதில்லை.